பயிற்சித் தாதியரும் மனச்சோர்வும்

நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் வகுத்துரைத்தார். இந்நான்கனுள் கடைசியில் நிற்பவரைப் பற்றி உலகம் நெடுங்காலம் அதிகம் சிந்தித்ததில்லை. நோயுற்றவன்மீது இரக்கம் சென்றது. தீர்ப்பவனைப் புகழ் சார்ந்தது. மருந்தினை ஆராய்ச்சி நாடியது. இரவு முழுவதும் கட்டிலருகே நின்று, புண் கழுவி, மலசலம் அகற்றி, இறந்தாருடைய கண்களை மூடிவிடும் தாதியின் உள்ளத்தில் யாது நிகழ்கின்றது என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆராய்ச்சிக்குரிய பொருளாகப் பெரிதும் கருதப்படவில்லை. அதிலும், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 18 வயதில் இத்தொழிலைக் கற்கவந்த இளம்பெண்ணின் துயரம், பழகப் பழகச் சரியாகிவிடும் என்னும் ஒரு சொல்லால் மூடிவைக்கப்பட்டதாகவே இருந்தது.

அந்நிலை இப்பொழுது மாறியுள்ளது. தாதியர் கல்வி பயிலும் மாணாக்கரிடையே மனச்சோர்வு எத்துணை பரவியுள்ளது என்பதை அளந்தறியப் பல நாடுகளில் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, அத்தகைய 27 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து, 8,918 மாணாக்கரின் விடைகளைக் கணித்து, ஏறத்தாழ 34 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது என்னும் முடிபிற்கு வந்தது. மூவருள் ஒருவர் என்பது அதன் பொருள். இவ்வெண்ணைக் கேட்ட அளவில் திகைத்து நிற்பதும் பொருந்தாது. எண்தானே எனப் புறக்கணித்தலும் பொருந்தாது. அஃது எங்ஙனம் பெறப்பட்டது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

மனச்சோர்வு என்னும் சொல் பேச்சுவழக்கிற் பலவற்றைக் குறிக்கும். பரீட்சையிற் புள்ளி குறைந்தவனும், வீட்டை நினைந்து ஏங்கும் விடுதி மாணவியும், உற்றாரை இழந்தவரும் தம்மை மனஞ்சோர்ந்தவர் என்றே கூறிக்கொள்வர். மருத்துவர் இச்சொல்லை ஆளும்பொழுது வரையறை ஒன்றை மனத்திற் கொண்டே ஆளுவர். இரண்டு கிழமைகளுக்குக் குறையாது, நாளின் பெரும்பகுதியும், மனந்தாழ்ந்திருத்தலோ எதிலும் நாட்டமின்றியிருத்தலோ முதலிற் காணப்படல் வேண்டும். அதனோடு உறக்கக்கேடு, பசியின் மாறுபாடு, களைப்பு, கவனக்குறைவு, சொல்லிலும் செயலிலும் மந்தம் அல்லது அமைதியின்மை, தன்னைப் பயனற்றவனாகவும் குற்றமுடையவனாகவும் கருதுதல், சாவைப் பற்றிய நினைவு என்பனவற்றுள் சில சேர்ந்து வருதல் வேண்டும். மொத்தம் ஒன்பது அறிகுறிகளுள் ஐந்தேனும் இருந்து, அவற்றால் அன்றாட வாழ்வும் தடைப்படுமாயின் அதனை நோய் என்பர். துக்கம் வேறு, இது வேறு. துக்கம் அலையலையாக வரும். இழந்த ஒருவரையோ ஒன்றையோ பற்றி நிற்கும். இடையே சிரிப்பிற்கும் இடங்கொடுக்கும். மனச்சோர்வோ பெரும்பாலும் இடைவிடாது நிற்பது. இழந்த பொருளை விட்டுத் தன்னையே குறைகூறத் தொடங்குவது.

தொகுப்பாய்விற் சேர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவர் ஒவ்வொரு மாணவியையும் இருத்திவைத்துப் பேசிக் கண்ட முடிபுகள் அல்ல. வினாக்கொத்துகளின் வாயிலாகப் பெற்றவை. ஆரன் பெக் என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1961இல் வெளியிட்ட 21 கூறுகள் கொண்ட அளவைப் பட்டியல் இத்துறையில் முன்னோடியானது. இக்காலத்துப் பெருவழக்காயுள்ள ஒன்பது வினாக் கொத்து 2001இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு வினாவிற்கும் 0 முதல் 3 வரை புள்ளியிடுவர். மொத்தம் 27, 10 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவரை மருத்துவர் பார்த்தல் நன்று என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. இரவுப் பணியினின்று மீண்ட மாணவியொருத்தி, உறக்கம், களைப்பு, பசி, கவனம் என்னும் நான்கு வினாக்களுக்கும் உச்சப் புள்ளியே இடுவாளாயின் அதுவே 12 ஆகிவிடும். துயரம் என்று ஒரு சொல்லும் கூறாமலே அவள் எல்லையைத் தாண்டிவிடுகின்றாள். ஆதலின் வினாக்கொத்தைச் சல்லடை எனலாமேயன்றித் துலாக்கோல் எனல் ஆகாது. மறுபுறத்தே, உள்ளதை மறைத்துப் புள்ளியிடுவோரும் உளர் என்பதையும் மறத்தலாகாது. மூவருள் ஒருவர் என்னும் எண், இம்மாணாக்கர் சுமக்கும் பாரம் பெரிது என்பதைக் காட்டப் போதியது. அப்பாரம் எங்கிருந்து வருகின்றது என்பதை அது காட்டாது.

அதனைக் காட்ட முனைந்த ஆராய்ச்சிகளுள் இன்றும் எடுத்துப் பேசப்படுவது, 1950களில் இலண்டன் மாநகரத்துப் போதனா வைத்தியசாலையொன்றில் நிகழ்ந்ததாகும். அதனை நிகழ்த்தியவர் இசபெல் மென்சீஸ் என்பவர். 1917இல் ஸ்கொத்லாந்தின் வைவ் மாவட்டத்திற் பிறந்து, சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்திற் பொருளியலும் உளவியலும் கற்று, இலண்டனிலுள்ள தாவிஸ்ரொக் மானிட உறவுகள் நிறுவகத்திற் பணியாற்றியவர். வைத்தியசாலையின் பெயரை வெளியிடாது, தம் முடிபுகளை 1960இல் ஆய்விதழொன்றிற் கட்டுரையாக வெளியிட்டார்.

அவ்வைத்தியசாலையின் அமைப்பை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்குதல் தகும். 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையிற் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதன்பின் ஆங்கில நாட்டிற் பரவிய முறை, மாணவியையே ஊழியராகவும் கொள்ளும் முறையாகும். கற்பதற்கு வந்தவள் வாட்டில் வேலை செய்து கற்றாள். அவளுடைய வேலையின்றி வாட்டு நடவாது. ஆகவே பாடத்திற்கும் வேலைக்கும் முரண் நேருந்தோறும் வேலையே வென்றது. விடுதி வாழ்வு, சீருடை, இரவு குறித்த நேரத்தில் விடுதி திரும்பும் கட்டுப்பாடு, மேற்றனின் கண்காணிப்பு என்பன அவளைச் சூழ்ந்திருந்தன. 1947இல் சேர் றொபேட் வூட் தலைமையிலான குழுவினர், பயிற்சியை இடையில் விட்டு நீங்குவோர் தொகை மிகப் பெரிது எனக் கண்டு, மாணவியரை ஊழியராகவன்றி மாணவியராகவே நடத்துதல் வேண்டும் என அரசிற்கு அறிக்கை விடுத்தனர். மறு ஆண்டு தேசிய சுகாதார சேவை தொடங்கியது. தாதியர் தேவை பெருகிற்று. கரிபியன் தீவுகளினின்றும் அயர்லாந்தினின்றும் இளம்பெண்கள் பயிற்சிக்கு அழைத்துவரப்பட்டனர். குழுவினரின் அறிவுரையோ பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

மென்சீஸ் சென்ற வைத்தியசாலைத் தொகுதியில் தாதியர் ஏறத்தாழ 700 பேர். அவருள் முழுப் பயிற்சி பெற்றவர் ஏறத்தாழ 150 பேரே. ஏனையோர் யாவரும் மாணவியர். நோயாளர் ஒருவரைத் தொட்டுப் பேணும் கைகளுட் பெரும்பாலானவை பயிலுங் கைகளே என்பதை இவ்வெண்கள் உணர்த்தும். வைத்தியசாலையார் அவரை அழைத்தது மனத்துயரை ஆராய்வதற்கன்று. மாணவியரை எந்த வாட்டிற்கு எப்பொழுது அனுப்புவது என்னும் ஒழுங்கு சீர்குலைந்திருந்தது. அதனைத் திருத்தித் தருமாறே கேட்டனர். அவர் ஏறத்தாழ 70 தாதியரிடம் தனித்தும் சிறு குழுக்களாகவும் பேசினார். வாட்டுகளில் நின்று கவனித்தார். கேட்டதும் கண்டதும் அவரை வேறொரு வினாவின்பாற் செலுத்தின. இத்துணை அச்சமும் கலக்கமும் ஒரு தொழிலில் எங்ஙனம் தாங்கப்படுகின்றன என்பதே அவ்வினா. மாணவியருள் மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காது நீங்கினர். அவருட் பெரும்பாலோர் பரீட்சையிலோ தொழிலிலோ தவறியவர் அல்லர்; தாமாகவே விலகியவர். எஞ்சியோரிடம் ஓரிரு நாள் விடுப்பிற்குரிய சிறு நோய்கள் மிகுந்திருந்தன. (இம்மூன்றிலொரு பங்கும் முற்கூறிய 34 சதவீதமும் ஒன்றல்ல, நீங்கினோரை எண்ணியது ஒன்று, அறிகுறிகளை எண்ணியது மற்றொன்று.)

தாதி நாள்தோறும் எதிர்ப்படுவன யாவை? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரல் தோன்றும் நிலைக்களங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினைக் கூறுவர். பிறர் விலகிச் செல்லும் அந்நான்கும் தாதிக்குத் தொழில் நடைபெறும் இடங்களாகும். மென்சீஸின் பகுப்பும் இதனோடு ஒருவாறு ஒத்துச் செல்கின்றது. உலக வழக்கில் அருவருப்பும் அச்சமும் தருவனவாகிய காரியங்களைத் தாதி செய்தல் வேண்டும். அந்நியருடைய உடலை நெருங்கித் தீண்டல் வேண்டும். அதனால் அவளுள்ளத்தில் இரக்கமும் அன்பும் எழுகின்றன; அவற்றோடு வெறுப்பும், வெறுத்ததனாற் குற்றவுணர்வும், இத்துணைப் பேணுதலைப் பெறும் நோயாளியின்மேற் பொறாமையுங்கூட எழுகின்றன. நோயாளியோ நன்றியும் காட்டுவான். தன் இயலாமையால் எரிந்தும் விழுவான். உறவினர் தம் அச்சத்தையெல்லாம் அவள்மேற் சொரிவர். இத்தனையையும் ஏற்றுக்கொள்பவள் வீட்டை விட்டுப் பிரிந்து ஓராண்டும் நிறையாத பெண்.

இக்கலக்கத்தைக் குறைப்பதற்கு வைத்தியசாலை கையாண்ட வழிகள் எவராலும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை அல்ல. பல்லாண்டுப் பழக்கத்தால் தாமே வளர்ந்து, விதியாய் உறைந்தவை. அவற்றை அவர் விரித்துரைத்த பகுதியே கட்டுரையின் உயிர்நிலை.

முதலாவது, தாதிக்கும் நோயாளிக்கும் உள்ள தொடர்பைத் துண்டாடுதல். ஒரு மாணவிக்குச் சில நோயாளரை ஒப்படைத்து அவர்க்கு வேண்டும் அனைத்தையும் செய்வித்தலுக்குப் பதிலாக, வேலைப்பட்டியல் ஒன்று கொடுக்கப்பட்டது. ஒருத்தி எல்லார்க்கும் படுக்கை விரித்தாள். மற்றொருத்தி எல்லார்க்கும் வெப்பநிலை பார்த்தாள். வேறொருத்தி மலசலப் பாத்திரம் கொண்டு சென்றாள். எவளும் எந்நோயாளியிடத்தும் நெடுநேரம் நின்றிலள். நெருக்கம் இல்லையாயின் பிரிவுத் துயரும் இல்லை என்பதே இதன் உட்கிடை. நோயாளியும் பெயரிழந்தான்: பத்தாங் கட்டில் ஈரல் எனவும், பதினைந்தாங் கட்டில் நியூமோனியா எனவும் சுட்டப்பட்டான். மாணவியர் இங்ஙனம் சுட்டுவதை விரும்பினரல்லர் என்பதை மென்சீஸ் கருத்தாகக் குறிக்கின்றார். தாதியும் பெயரிழந்தாள்; ஒரே சீருடை அணிந்த எவளும் எவளுக்கும் ஈடாகலாம் என்னும் கொள்கை நிலவியது. இதனால் ஒரு வாட்டினின்று மற்றொரு வாட்டிற்கு மாணவியைத் திடீரென மாற்றுதல் எளிதாயிற்று. அவள் பேணிவந்த முதியவர் பிழைத்தாரோ இறந்தாரோ என்பதை அறியாமலே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றாள். நல்ல தாதி இடமாற்றத்தைப் பொருட்படுத்தாள் என்று கற்பித்தனர். மாணவியரோ அதனை மிகவும் பொருட்படுத்தினர்.

இரண்டாவது, உணர்வை மறுத்தல். அழுதவளுக்கு ஆறுதல் கூறுதலினும், மனத்தைத் திடப்படுத்திக்கொள் எனக் கடிந்துரைத்தலே வழக்கமாயிருந்தது. பிழை செய்தவளுக்கும் இதுவே கதி: தன் பிழையால் நடுங்கி நின்றவள் கண்டிக்கப்பட்டாள். இங்கே மூத்த தாதியரை வன்னெஞ்சர் எனக் கொள்வது நியாயமாகாது. தனித்துப் பேசியபொழுது, தம் மாணவப் பருவத்தில் தாம் பட்ட துன்பத்தை அவர்கள் மறந்திலர்; இளையோர்மேல் இரக்கமும் உடையராயிருந்தனர். ஆயினும் அவ்விரக்கத்தை வாட்டிலே காட்டுதற்குரிய சொல்லோ, நேரமோ, வழக்கமோ அவர்களிடம் இருந்ததில்லை. தமக்கு ஒருகாலத்திற் சொல்லப்பட்டதையே தாமும் சொன்னார்கள்.

மூன்றாவது, தீர்மானம் செய்யும் பொறுப்பை நீக்குதல். எதனை எப்படிச் செய்வது என்பதற்கு மட்டுமன்றி, எந்த நேரத்தில் எந்த ஒழுங்கிற் செய்வது என்பதற்கும் மாறா விதி இருந்தது. அதிகாலையிலேயே நோயாளரை எழுப்பி முகங்கழுவுவித்தல் அவ்விதிகளுள் ஒன்று. உறங்குபவரை உறங்கவிடுதலே நன்மை தரும் என மாணவியர் பலர் எண்ணினும், எண்ணியவாறு செய்ய இடமிருக்கவில்லை. நச்சு மருந்துகளை இருவர் பார்த்து எண்ணிக் கொடுத்தல் முறையே; அதனை எவரும் குறைகூறார். ஆனால் அதே முறை அற்பக் காரியங்களுக்கும் படர்ந்து, ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்து மற்றொருவர் மீளப் பார்ப்பதாயிற்று. தன் அறிவிற்கேற்ற வேலை கிடையாத மாணவி, வேலையில்லாத வேளையிலும் வேலை செய்பவள்போற் காட்டிக்கொள்ள வேண்டியவளானாள்.

இவற்றினும் நுட்பமானது பொறுப்பைப் பற்றிய ஒரு வழக்கம். அவ்வைத்தியசாலையில் ஒவ்வொரு படியிலும் நின்ற தாதி, தனக்குக் கீழுள்ளோரைப் பொறுப்பற்றவர் என்றாள். தனக்கு மேலுள்ளோரைக் கடுமையானவர் என்றாள். மூன்றாமாண்டு மாணவி இரண்டாமாண்டினரைப் பற்றி அங்ஙனமே கூறினாள். அவளைப் பற்றி வாட்டுத் தலைமைத் தாதி அங்ஙனமே கூறினாள். எல்லாரும் குற்றஞ்சாட்டியவாறு பொறுப்பற்ற கூட்டம் ஒன்று உண்மையில் இருந்ததா? மென்சீஸ் தரும் விளக்கம் இது: ஒவ்வொருத்தியின் உள்ளத்திலும், பொறுப்பை உதறிவிட்டு ஓடவேண்டும் என்னும் அவாவும், அதற்காகத் தன்னைத் தண்டிக்கும் கடுமையும் ஒருங்கே போராடுகின்றன. அப்போராட்டத்தைத் தன்னுள் வைத்திருத்தல் அரிது. ஆதலால் ஓடும் அவாவை இளையோர்மேலும், தண்டிக்கும் கடுமையை மூத்தோர்மேலும் ஏற்றிவிட்டு இளைப்பாறுகின்றாள். ஏற்றப்பட்டவரோ நாளடைவில் அவ்வாறே நடக்கத் தலைப்படுகின்றனர். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுவோர் இதனைப் படிக்குமிடத்துச் சிறிது புன்முறுவல் பூத்தல் கூடும்.

இவ்வளவு காவல்களும் தாதியைக் காத்தனவா? காக்கவில்லை என்பதே அவர் முடிபு. கலக்கத்தைக் கண்டு, பேசி, அதனோடு வாழக் கற்பதற்குரிய வாய்ப்பை அவை பறித்தன. நோயாளி ஒருவரை முழுமையாகப் பேணி, அவர் நலம்பெற்று வீடு செல்வதைக் காணும் மகிழ்ச்சியையும் பறித்தன. துயரத்தின் வாயிலை அடைத்தபோது நிறைவின் வாயிலும் அடைபட்டது. இடமாற்றமும் விதிகளின் நெருக்கமும் புதிய துன்பங்களாய் மேலும் சேர்ந்தன. இதனினும் கவலைக்குரியது யாதெனில், இடையில் நீங்கியவருள் ஆற்றலும் முதிர்ச்சியும் உள்ளவர் கணிசமானோர் இருந்தனர் என்பதாகும். எண்ணிச் செயலாற்ற வல்லவளுக்கே எண்ணலாகாது என்னும் விதி மிகுந்து வருத்திற்று; நோயாளியோடு உறவு கொள்ளத் தெரிந்தவளுக்கே அவ்வுறவை அறுத்தல் பெருந்துயர் ஆயிற்று. தொழிலுக்குத் தகாதவரே நீங்குகின்றனர் என ஆறுதலடைந்த நிருவாகத்தினருக்கு இஃது உவப்பான செய்தியன்று.

மென்சீஸின் கட்டுரை மனச்சோர்வு என்னும் நோயைக் கணக்கெடுத்ததன்று என்பதை இங்கே தெளிவுறுத்தல் வேண்டும். அவர் கையாண்ட கோட்பாடு மெலனி கிளைன் அம்மையாரின் உளப்பகுப்பாய்வுக் கொள்கையைச் சார்ந்தது. அதனை நிறுவனங்களுக்குப் பொருத்தி 1955இல் முதன்முதல் எழுதியவர் எலியற் ஜக்ஸ் என்பவர். மனிதர் தம் கலக்கத்தினின்று தப்புதற்கே நிறுவன ஒழுங்குகளைப் பயன்படுத்துகின்றனர் என அவர் கூறினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே ஜக்ஸ் தம் கொள்கையைத் தாமே கைவிட்டார். கலக்கம் ஒழுங்கைப் படைக்கவில்லை. சீர்கெட்ட ஒழுங்கே கலக்கத்தைப் படைக்கின்றது என்பது அவரது பிற்கால நிலை. அறிஞர் ஒருவர் இங்ஙனம் மாறியமை மென்சீஸின் அடிப்படையை அசைக்கின்றது எனச் சிலர் கருதுவர். கோட்பாட்டளவில் அது மெய்யே. ஆயினும் வாட்டில் நிற்கும் மாணவியைப் பொறுத்தவரை இருவர் கூற்றும் ஒரே இடத்தையே சுட்டுகின்றன. அவளது துன்பத்திற்குக் காரணத்தை அவளுடைய இயல்பில் மட்டும் தேடுவது தவறு. அவள் நிறுத்தப்பட்ட ஒழுங்கிலும் தேடவேண்டும்.

கட்டுரை வெளிவந்த பின் ஆங்கில நாட்டில் மாற்றங்கள் மெல்ல வந்தன. அவற்றை மென்சீஸ் ஒருவரின் விளைவு எனல் மிகையாகும். வேலைப்பட்டியலை நீக்கி ஒரு நோயாளியை ஒரு தாதியிடம் முழுமையாக ஒப்படைக்கும் முறை அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1960களின் இறுதியில் உருப்பெற்று, பின்னர்ப் பிரித்தானியாவிலும் பரவிற்று. மாணவியை ஊழியராகக் கணக்கிடும் முறை 1989 முதலே படிப்படியாக ஒழிந்தது. தாதியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தது. வூட் குழுவினர் எழுதி 42 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது. 2013 முதல் இங்கிலாந்தில் இத்தொழிலிற் புகுவோர் பட்டப்படிப்பு முடித்தல் வேண்டும் என ஆயிற்று.

மாணவி இப்பொழுது பல்கலைக்கழக மாணவி. ஆயின் துயரம் குறைந்துவிட்டதா எனின், ஆம் என்று சொல்வதற்கில்லை. பயிற்சிக்குரிய 4,600 மணித்தியாலங்களுட் பாதி வைத்தியசாலையிலும் வீடுகளிலும் நோயாளரிடையே கழிதல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதற்காகச் சில கிழமைகள் ஒரு வாட்டிலும், பின்னர்ச் சில கிழமைகள் வேறோரிடத்திலும் அவள் நிற்கின்றாள். அங்குள்ளோர் பெயரை அறிந்துகொள்வதற்குள் காலம் முடிந்துவிடுகின்றது. முன்னர் மேற்றனின் கட்டளை செய்ததைப் பின்னர்ப் பாடத்திட்டம் செய்கின்றது எனலாம். ஏனைய மாணவர் விடுமுறையிற் செல்லும்போது அவள் பணிக்குச் செல்கின்றாள். 2017இல் இங்கிலாந்தில் தாதி மாணவர்க்குரிய உதவிப்பணம் நீக்கப்பட்டுக் கல்விக் கட்டணமும் கடனும் வந்தன. 2020இல் ஆண்டிற்கு 5,000 பவுண் உதவி மீண்டும் வந்தபோதிலும் கட்டணம் நின்றது. படிப்பும் வாட்டுப் பணியும் போக, வாடகைக்காக மூன்றாவது ஒரு வேலைக்கும் செல்வோர் பலர். 2020இன் வசந்த காலத்தில், கொரோனாத் தொற்றுப் பெருகியபோது, இறுதியாண்டு மாணவர் பலர் பரீட்சைக் காலத்தை விட்டு வாட்டுகளுக்குச் சென்றனர். உறவினர் அருகில் வர முடியாத நோயாளரின் இறுதி நேரங்களில் நின்றவருள் அவர்களும் இருந்தனர்.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணம் வகுத்தார். பிறரால் இகழப்படுதலும், இழத்தலும், பண்டைய நிலையினின்று தாழ்ந்து வருந்துதலும், பொருளில்லாமையும் ஆகிய அந்நான்கும் ஒருத்தியிடத்தே ஒரே கிழமையிற் கூடுதல் இம்மாணவியின் வாழ்வில் அரிதன்று.

துயரத்தின் காரணம் ஒழுங்கிலே உள்ளது என்பதால், நோயுற்றவளுக்கு மருந்து வேண்டா என்று கொள்ளுதல் பெரும்பிழையாகும். மனச்சோர்வு தீர்க்கத்தக்க நோய். பேச்சுவழிச் சிகிச்சை பலர்க்குப் பயன்தருகின்றது; அவ்வகையுள் எண்ணங்களின் கோணலைத் தானே கண்டு திருத்தும் முறையை வகுத்தவரும் முற்கூறிய பெக் என்பவரே. மாத்திரைகளும் பயன்தருவன, அவற்றின் பயன் தெரியச் சில கிழமைகள் ஆகும் என்பதை அறியாது, பத்து நாளிற் கைவிடுவோர் உளர். கவனிக்கப்படாத நோய் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திற்குக் கொண்டுசெல்லக்கூடும். அவ்வெண்ணம் வந்தவளைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

நோயின் அறிகுறிகளைப் பாடமாகவே கற்கும் இம்மாணாக்கர் தமக்கு வந்தபோது ஏன் வாய்திறப்பதில்லை என்று வியப்போர் உளர். விடை பெரிதும் அச்சமே. பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு பெறுதற்கு உடல்நலமும் நன்னடத்தையும் உடையவர் என்னும் உறுதி வேண்டும். உளநோய் உண்டு எனச் சொன்னாற் பதிவு கிட்டாது என்னும் எண்ணம் மாணாக்கரிடையே வேரூன்றியுள்ளது. பதிவுச் சபையின் நிலை அதுவன்று. நோயொன்று இருத்தல் தடையாகாது, அதனைப் பேணிக்கொண்டு பிறர்க்குத் தீங்கின்றித் தொழில் செய்ய இயலுமா என்பதே கேள்வி. இவ்வேறுபாட்டை முதலாண்டின் முதற்கிழமையிலேயே ஆசிரியர் எடுத்துரைப்பாராயின் பலர் காலத்தில் உதவி நாடுவர். மூன்றாமாண்டில், பதிவு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவளிடம் அதனைக் கூறுவதாற் பயன் சிறிது.

வேறொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்துச் சட்டத்தரணியாகிய கெனத் சுவாட்ஸ் என்பவர் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தம்மைப் பேணியோர் காட்டிய சிறு சிறு அன்புச் செயல்கள் நோயைத் தாங்கத் துணைநின்றன என அவர் உணர்ந்திருந்தார். அவர் பெயரால் அமைந்த நிலையம், வைத்தியசாலைகளில் ஒரு வகைக் கூட்டத்தைத் தொடங்கியது. மருத்துவர், தாதியர், சிற்றூழியர் யாவரும் ஒரு மணித்தியாலம் கூடியிருந்து, ஒரு நோயாளியைப் பேணியபோது தம் மனத்தில் நிகழ்ந்ததைக் கூறுவர். சிகிச்சை சரியா பிழையா என்பது அங்கே ஆராயப்படுவதில்லை. எவர்க்கும் அறிவுரை வழங்கப்படுவதுமில்லை. 2009இல் இம்முறை இங்கிலாந்திற்கு வந்தது; பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் சில தம் மாணாக்கர்க்கும் இதனை அமைத்தன. தனக்கு முன்னே ஒரு மூத்த தாதி எழுந்து, தான் முதன்முதற் கழுவிய பிணத்தைப் பற்றியும், அன்றிரவு உறங்காமையைப் பற்றியும் கூறுவதை, அங்கே 18 வயது மாணவி கேட்டிருக்கின்றாள்.